டார்கெட் ரிவால்வரை ஒப்பிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேஞ்சில் இரண்டு ரிவால்வரை மாற்றி மாற்றிச் சுட்டுவிட்டு "இது நல்லா இருக்கு, அது வேலைக்கு ஆகாது" என்று புதியவர்கள் தீர்ப்புச் சொல்வதைக் கேட்டால், ஒரு காலத்தில் நாங்கள் எல்லாரும் பேசிய பேச்சுதான் அப்படியே காதில் விழுகிறது. கண்ணாடி, காதுக் கவசம், குண்டு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

கிரிப்பின் குறைக்குத் துப்பாக்கியை விற்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். என்னோடு சுடும் நண்பருக்குக் கை சிறியது. அவர் வாங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686-இல் பழைய உரிமையாளர் தடித்த மரக் கிரிப் (கைப்பிடியின் மேல் மாட்டும் பிடி) போட்டிருந்தார். டபுள் ஆக்‌ஷனில் (டிரிகரை இழுக்கும்போதே சுத்தியலும் ஏறி விழுவது) சுட்டால் எல்லாம் இடது பக்கம் போனது, சைட்டை, அதாவது குறிபார்க்கும் பகுதியை, வலது பக்கம் நகர்த்தினார், அப்புறம் சிங்கிள் ஆக்‌ஷனில் (சுத்தியலை முன்பே கையால் ஏற்றிவைத்துச் சுடுவது) வலது பக்கம் போக ஆரம்பித்தது. பேரல் கோணல் என்று முடிவுகட்டி நஷ்டத்துக்கு விற்றார். வாங்கியவர் மெல்லிய கிரிப் ஒன்றை மாட்டி, சைட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, அதே துப்பாக்கியில் குண்டுகள் நெருக்கமாக விழும் அருமையான குரூப் போடுகிறார்.

விஷயம் டிரிகருக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இருக்கும் தூரம். கைப்பிடியின் பின்புற உலோகத்தையும் சேர்த்து மூடும் கிரிப் அந்தத் தூரத்தைக் கூட்டும். சில மில்லிமீட்டர்தான், ஆனால் சிறிய கைக்கு அது போதும்: விரல் நுனிதான் எட்டும், எட்டவைக்கத் துப்பாக்கியைக் கைக்குள் திருப்பிப் பிடிப்போம், பேரல் முன்கையின் நேர்கோட்டை விட்டு விலகும், டபுள் ஆக்‌ஷனின் கனமான இழுப்பு வலது கைக்காரருக்குக் குறியை இடது பக்கம் தள்ளிவிடும். சிங்கிள் ஆக்‌ஷனில் டிரிகர் முன்னதாகவே பின்னால் வந்துவிடுவதால் அந்தக் கோளாறு தெரியாது. பெரிய கைக்காரருக்கு மெல்லிய கிரிப் எதிர்த் தொல்லை கொடுக்கும், டிரிகர் கார்டு நடுவிரல் முட்டியில் இடிக்கும்.

ஆகவே கைக்குப் பொருந்தும் கிரிப்பை இரண்டிலும் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். .38 ஸ்பெஷல் தோட்டா என்றால் இரண்டிலும் ஒரே 148 கிரெயின் எடையுள்ள வாட்கட்டர் (தட்டை முனையுள்ள டார்கெட் குண்டு), ஒரே தூரம், டபுள் ஆக்‌ஷனும் சிங்கிள் ஆக்‌ஷனும் தனித்தனி தாளில். அதற்கு முன் ரேஞ்சில், சிலிண்டர் காலி என்று பார்த்துவிட்டு, குறியை நோக்கிப் பிடித்துக் கண்ணை மூடித் திறவுங்கள். சைட் நேராக நிற்கவில்லை என்றால் கிரிப் உங்களுக்கு ஆகாது.

கிரிப் முடிவாகும் முன் சைட்டைத் திருப்புவது

வேண்டாம். பிடி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும்.

அளவு பார்க்காமல் கிரிப் வாங்குவது

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே, எல் ஃபிரேம்களின் (துப்பாக்கி உடலின் அளவு வகைகள்) கைப்பிடி அளவு ஒன்றுதான். ஆனால் கைப்பிடியின் அடிப்பகுதி வளைந்த ரவுண்ட் பட், சதுரமான ஸ்கொயர் பட் வேறு வேறு. ஸ்கொயர் பட் துப்பாக்கியில் ரவுண்ட் பட் கிரிப் ஏறாது.

இடது பக்கத் தடிமன்

கிரிப் இடது பக்கம் தடித்திருந்தால் ஸ்பீட்லோடர் (எல்லாத் தோட்டாவையும் ஒரே தடவையில் நிரப்பும் கருவி) இடிக்கும், காலித் தோட்டாக்களும் அதில் சிக்கும். அங்கே குடைந்துவிட்ட கிரிப்பாகப் பாருங்கள்.

கட்டைவிரலை சிலிண்டருக்கு முன்னால் நீட்டுவது

ஒருபோதும் கூடாது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையே இருக்கும் இடைவெளியில் சூடான வாயு பீறிட்டு விரலைக் கிழித்துவிடும்.

விதி பார்க்காமல் போட்டிக் கிரிப் வாங்குவது

சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் நடத்தும் 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் கிரிப் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, கையின் அடிப்பகுதியைத் தாங்கும் உள்ளங்கைத் தட்டு மேல்நோக்கி வளைந்திருக்கவும் கூடாது. டிரிகர் எடை 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. அழகாகச் செதுக்கிய கிரிப்புக்குப் பணம் கொடுத்துவிட்டு, உபகரணச் சோதனையில் அந்தத் தட்டைச் சீவச் சொல்லி நிறுத்திவைக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.