தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு காலாவதியான சான்றிதழ்

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறேன். கடை இணையத்தில் மட்டும்தான். ஒரு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது திருச்சியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "அக்கா, உங்க கடையைத் திறந்தா யாரோ திருடப் பாக்குறாங்கன்னு வருதே?" முந்தின நாள் ராத்திரியே தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் (இந்த முகவரி இந்தத் தளத்துடையதுதான் என்று பிரவுசருக்குக் காட்டுவது) காலாவதியாகியிருந்தது. அன்றைக்கு மதியம் வரை ஒரு ஆர்டர் இல்லை.

உங்களுக்கு இது நேராமல் இருக்க, முதலில் காசு விஷயம். சான்றிதழுக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து இலவசமாகவே தருகிறது. தளத்தை நிர்வகிக்க சி-பேனல் என்ற மென்பொருள் இருந்தால், சான்றிதழைத் தானாகவே போட்டுவிடும் ஆட்டோ எஸ்.எஸ்.எல். பெரும்பாலும் அதிலேயே இருக்கும். விலை கூடிய சான்றிதழ் வாங்கினால் முகவரிப் பட்டையில் கடை பெயர் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குரோம் அதை 2019-லேயே எடுத்துவிட்டது.

இலவசச் சான்றிதழின் ஆயுள் பெரும்பாலும் 90 நாள்தான். அதைத் தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு இருக்கும், ஆனால் அது சத்தமில்லாமல் நின்றும் போகும். எனக்கு நடந்தது அதுதான். ஆவணியில் தளத்தை வேறு சர்வருக்கு (தளத்தை வைத்திருக்கும் கணினிக்கு) மாற்றியபோது, மூன்று டபிள்யூ போட்ட முகவரி மட்டும் பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கும்போது சான்றிதழில் உள்ள எல்லா முகவரியையும் சோதிப்பார்கள். ஒன்று தேறாததால் மொத்தமும் நின்றுவிட்டது. அதனால் சர்வர் மாற்றினால் மூன்று டபிள்யூ போட்டது, போடாதது என்று இரண்டு முகவரியையும் தட்டிப் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு அனுப்பிய நினைவூட்டல் மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. முகவரிக்கு இடப்பக்கமுள்ள குறியைத் தொட்டு, சான்றிதழ் விவரத்துக்குள் போனால் அதன் கடைசித் தேதி தெரியும். மாதம் ஒருமுறை, வாடகை கட்டும் நாளன்று, நான் அதைப் பார்க்கிறேன்.

அப்புறம், பாதுகாப்பில்லாத பழைய எச்.டி.டி.பி. முகவரியைத் தட்டினாலும் பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ்.-க்குப் போகிறதா என்று பாருங்கள். பழைய சேலைப் படங்களின் இணைப்புகளையும் எச்.டி.டி.பி.எஸ்.-க்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சில படங்கள் திறக்காது.

சான்றிதழ் வந்துவிட்டால் கடை நம்பகமானது என்று ஆகிவிடாது. வாடிக்கையாளரின் போனுக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதான். போலிக் கடைக்காரனும் அதே சான்றிதழை இலவசமாக வாங்கலாம். குரோம் 2023-இல் முகவரிக்குப் பக்கத்திலிருந்த பூட்டுக் குறியையே எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் முகவரி, போன் நம்பர், குறை கேட்கும் அதிகாரியின் பெயர் எல்லாம் தளத்தில் இருக்கட்டும். 2020-இன் மின்வணிக விதிகளும் இவற்றைக் கேட்கின்றன. அதோடு, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் கடையில் குறை கேட்கும் அதிகாரி நானேதான்.

அந்தத் திருச்சி அம்மா இரண்டு நாள் கழித்து இரண்டு சேலை கேட்டார். பணம் மட்டும் பார்சல் கைக்கு வந்த பிறகுதான் தருவேன் என்றுவிட்டார். சரி என்றேன்.