சர்வேல பாலினம் கேக்கும்போது பண்ணக்கூடாத தவறுகள்

ஆண், பெண், கீழ மூணாவதா "மற்றவை". இத போட்டுட்டா எல்லாரையும் சேத்துட்டோம்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. ஒரு திருநங்கை அந்த ஃபார்ம்ல எத டிக் பண்ணுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, பல பேர் தன்னை பெண்ணாத்தான் பாக்கறாங்க அதனால "பெண்"ல டிக் பண்ணுவாங்க, சிலர் "மற்றவை"க்குப் போவாங்க, நான்பைனரி ஆளுங்களும் (ஆண், பெண் ரெண்டுல ஒண்ணுக்குள்ள மட்டும் தன்னை அடக்கிக்காதவங்க) அங்கதான் வருவாங்க, கடைசில அந்த எண்ணிக்கைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவோட 2021 சென்சஸ் இதுல மாட்டிக்கிச்சு. பிறப்புல உள்ள பாலைக் கேக்கறாங்களா இப்போதைய பாலினத்தக் கேக்கறாங்களான்னு புரியாத ஒரே கேள்வி, அதுல மூணாவது ஆப்ஷன். 43,220 பேர் அதுல வந்தாங்க, ஆனா இத பாலின பன்மைக்கான கணக்கா எடுத்துக்க முடியாதுன்னு அவங்க புள்ளிவிவரத் துறையே சொல்லிடுச்சு. அதே வருஷம் கனடா ரெண்டு கேள்வியா பிரிச்சு கேட்டுச்சு, பிறந்தப்போ என்ன பால், இப்போ என்ன பாலினம்னு. அதனால 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல 59,460 பேர் டிரான்ஸ் (பிறந்தப்போ பதிவான பாலுக்கு மாறா ஆணாவோ பெண்ணாவோ வாழறவங்க), 41,355 பேர் நான்பைனரின்னு தனித்தனியா சொல்ல முடிஞ்சுது.

அதுக்காக எல்லா சர்வேலயும் பிறப்புப் பால் கேக்கணும்னு இல்ல. ஒரு டிரெயினிங் எப்படி இருந்துச்சுன்னு கேக்கற ஃபார்முக்கு அது எதுக்கு? கருப்பை வாய் புற்றுநோய் பரிசோதனைக்கு ஆள் எடுக்கறீங்கன்னா கூட, கருப்பை வாய் இருக்கான்னு நேராவே கேட்டுடலாம்.

பலரும் கவனிக்காத ஒண்ணு, கை தவறி விழுற டிக். 10,000 பேர் சர்வேல உண்மையிலயே 40 பேர் நான்பைனரின்னு வைங்க. மீதி 9,960 பேர்ல 200-ல ஒருத்தர் கேள்வி புரியாம அந்த ஆப்ஷன தொட்டாலே கிட்டத்தட்ட 50 பேர் சேந்துடுவாங்க, அப்புறம் "நான்பைனரி மக்கள் இப்படி சொல்றாங்க"ன்னு நீங்க எழுதறதுல பாதிக்கு மேல வேற யாரோ சொன்னது. இங்கிலாந்து, வேல்ஸ் 2021 சென்சஸ்ல "நீங்க அடையாளப்படுத்திக்கற பாலினமும் பிறப்புல பதிவான பாலும் ஒண்ணுதானா"ன்னு ஒரு சுத்தி வளைச்ச கேள்வி, இங்கிலீஷ் சரியா வராதவங்க கிட்ட "இல்ல"ங்கற பதில் (அதாவது ரெண்டும் வேறன்னு) வழக்கத்துக்கு மாறா அதிகமா வந்துச்சு, 2024-ல அந்த டேட்டாவுக்கு இருந்த அதிகாரபூர்வ புள்ளிவிவர அங்கீகாரத்தையே குறைச்சுட்டாங்க. அதனால கேள்வி சின்னதா இருக்கணும், ரெண்டு கேள்வியா கேட்டீங்கன்னா, பிறப்புப் பாலும் இப்போதைய பாலினமும் ஒத்துவரலன்னா "இத சரிபாருங்க"ன்னு ஃபார்மே ஒரு தடவ காட்டணும்.

இன்னொரு பெரிய தப்பு, எண்ணிக்கை கம்மின்னு அந்த பதில்கள மொத்தமா தூக்கிடறது. நம்பி சொன்னவங்கள இல்லாம பண்ற வேலை அது. அதுக்குன்னு அப்படியே வெளியிடவும் கூடாது, முப்பது பேர் உள்ள ஆபீஸ்ல வயசு, டிபார்ட்மென்ட், பாலினம் மூணையும் ஒரே டேபிள்ல போட்டா பேரே போடலன்னாலும் ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். எண்ணிக்கைய தனியா சொல்லுங்க, விவரமான டேபிள்ல டிபார்ட்மென்ட்ட எடுத்துடுங்க, அவங்க எழுதின கருத்துகள ஆள் தெரியாத மாதிரி சேத்து எழுதுங்க.

குடும்பத்துக்கு ஒருத்தர் எல்லாருக்கும் சேத்து ஃபில் பண்ற சர்வேய மட்டும் இதுக்கு நம்பவே நம்பாதீங்க. வீட்ல சொல்லாத பிள்ளையோட பாலினத்த அப்பா எப்படி சரியா எழுதுவார்? தனியா, அவங்க போன்லயே, ஸ்கிப் பண்ற வசதியோட கேளுங்க.