ஒரே மலை, மூன்று வயது: அலாஸ்கா மலைத்தொடரைப் பற்றிப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்காவின் தெற்கே, ரேங்கல் மலைகளுக்குள் கென்னிகாட் என்று ஒரு பழைய செம்புச் சுரங்கம் இருக்கிறது. 1911 முதல் 1938 வரை நடந்தது. அதற்கு மேலே உள்ள மலைச்சரிவின் படத்தைப் பார்த்தால் குறுக்கே ஒரு கோடு ஓடுவது தெரியும். கோட்டுக்குக் கீழே கரும்பச்சைப் பாறை, மேலே வெளிறிய சாம்பல் நிறப் பாறை. கீழே இருப்பது பசால்ட். எரிமலைக் குழம்பு ஆறி இறுகியது. மேலே இருப்பது சுண்ணாம்புப் பாறை. ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலில் படிந்தது. செம்புத்தாது கிடைத்தது இந்த எல்லைக்குச் சற்று மேலே, சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில். சுற்றிலும் பனியாறுகள்.

வெதுவெதுப்பான கடலில் பிறந்த பாறை, இன்று வடக்கே வெகுதூரத்தில் பனிக்கு நடுவே நிற்கிறது. அலாஸ்கா மலைகளைப் பற்றி எழுதும் பலர் இந்த முரணைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அதனால் வரும் தவறுகளைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள்

'டெர்ரேன்' என்பதை 'நிலப்பரப்பு' என்று மொழிபெயர்ப்பது மிகப் பரவலான தவறு. ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று மேடுபள்ளத்தைக் குறிக்கும். அதற்கு 'நிலப்பரப்பு' பொருந்தும். டெர்ரேன் வேறு. வேறெங்கோ உருவாகி, புவித்தட்டின் நகர்வால் சுமந்து வரப்பட்டு, ஒரு கண்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட புவியோட்டுத் துண்டு அது. அதன் எல்லைகள் பிளவுகளாகவே இருக்கும். எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பாறைகளின் வரலாறும் அந்தப் பக்கத்துப் பாறைகளின் வரலாறும் ஒன்றோடொன்று பொருந்தாது. அந்தப் பொருந்தாமைதான் அடையாளம். இதை 'நிலப்பரப்பு' என்று எழுதினால் முழுக் கதையும் போய்விடுகிறது. நான் 'டெர்ரேன்' என்றே எழுதுகிறேன். முதல் முறை வரும்போது 'ஒட்டவந்த துண்டு' என்று விளக்கம் தருவேன்.

இன்னொன்று பிளவு. ஆங்கிலத்தில் 'ஃபால்ட்'. அந்தச் சொல்லுக்குப் பிழை என்றும் பொருள் உண்டு. கணினி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டி 'பிழைக்கோடு' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாறையில் பிழை எதுவும் இல்லை. வெறும் வெடிப்பும் பிளவு ஆகாது. இரு பக்கமும் ஒன்றை ஒன்று உரசி நகர்ந்திருந்தால்தான் பிளவு.

மூன்று வயதையும் ஒன்றாக்குவது

பெரிய தவறு இதுதான். 'இந்த மலையின் வயது என்ன?' என்று கேட்டு ஒரே எண்ணைப் பதிலாக எழுதிவிடுகிறோம். அலாஸ்காவில் குறைந்தது மூன்று எண்கள் வேண்டும். பாறை எப்போது பிறந்தது, அது கண்டத்தோடு எப்போது ஒட்டியது, மலையாக எப்போது உயர்ந்தது. மூன்றுக்கும் இடையில் பல கோடி ஆண்டுகள் இருக்கலாம்.

கென்னிகாட்டின் கரும்பச்சை பசால்ட்டையே எடுத்துக்கொள்வோம். அது ட்ரையாசிக் காலத்தில், சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன், பொங்கி வழிந்த குழம்பு. சில இடங்களில் 3 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். இதே பசால்ட்டும் இதே சுண்ணாம்புப் பாறையும் இதே வரிசையில் தெற்கே கனடாவின் ஹைடா குவாய் தீவுகளிலும் வான்கூவர் தீவிலும் தென்படுகின்றன. 1977-இல் டேவிட் ஜோன்ஸ், நார்மன் சில்பர்லிங், ஜான் ஹில்ஹவுஸ் ஆகிய மூவரும் இவையெல்லாம் ஒரே துண்டின் சிதறிய பகுதிகள் என்று காட்டி, ரேங்கல் மலைகளின் பெயரால் அதற்கு 'ரேங்கலியா' என்று பெயர் வைத்தார்கள்.

ரேங்கலியா வட அமெரிக்காவோடு ஒட்டியது வெகுகாலம் கழித்து. ஜுராசிக் காலத்தில் தொடங்கி, கிரெட்டேசியஸ் காலத்தின் நடுப்பகுதி வரை, அதாவது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை, இடத்துக்கு இடம் வேறு வேறு நேரத்தில் நடந்த வேலை அது. 'இன்ன ஆண்டில் மோதியது' என்று ஒரே தேதி கொடுப்பது தவறு. வடக்கே இருந்த கண்டத்துக்கும் வந்துகொண்டிருந்த ரேங்கலியாவுக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. அதில் படிந்திருந்த சேறும் மணலும் இரண்டுக்கும் இடையில் நசுங்கி மடிந்தன. அலாஸ்கா மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான டெனாலியைச் சுற்றியுள்ள கருத்த படிவுப் பாறைகள் பலவும் அப்படி நசுங்கியவைதான்.

அந்த நசுங்கிய படிவுகளுக்குள் சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு புகுந்து, ஆழத்திலேயே ஆறிக் கிரானைட்டாக இறுகியது. இன்றைய டெனாலியின் உடல் அந்தக் கிரானைட். 'டெனாலி 5.6 கோடி ஆண்டு பழைமையான மலை' என்று எழுதுபவர்கள் இந்த எண்ணைத்தான் எடுக்கிறார்கள். அது கல்லின் வயது. அன்று அங்கே இந்தச் சிகரம் கிடையாது.

சிகரம் எழுந்ததைக் கண்டுபிடித்த விதம் அழகானது. கிரானைட்டுக்குள் அபடைட் என்ற கனிமம் பொடிப்பொடியாக இருக்கும். அதிலுள்ள யுரேனிய அணுக்கள் தானாகப் பிளக்கும்போது படிகத்தில் நுண்ணிய கீறல் விழும். கல் ஆழத்தில் சூடாக, ஏறத்தாழ 110 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும்வரை கீறல்கள் அழிந்துகொண்டே இருக்கும். மேலே வந்து ஆறிய பிறகுதான் அவை நிலைத்து நிற்கும். ஆகவே கீறல்களை எண்ணினால் கல் எப்போது மேலே வந்தது என்று தெரியும். டெனாலியின் சரிவில் பல உயரங்களில் எடுத்த கற்களை இப்படிச் சோதித்தபோது, வேகமான எழுச்சி தொடங்கியது சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்று தெரிந்தது. 23 கோடி, 10 கோடி, 5.6 கோடி என்று பேசிவிட்டு 60 லட்சத்துக்கு வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மலைப்பாக இருக்கிறது. புவியின் கணக்கில் 6,190 மீட்டர் உயரமுள்ள இந்தச் சிகரம் நேற்றுப் பிறந்தது.

'தெற்கிலிருந்து வந்தது' என்று அடித்துச் சொல்வது

பசால்ட் ஆறும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அன்றைய காந்தப்புலத்தின் திசையைப் பதிவுசெய்துகொள்கின்றன. அந்தச் சாய்வை அளந்தால் பாறை பிறந்த அட்சரேகை கிடைக்கும். ரேங்கலியாவின் பசால்ட் நிலநடுக்கோட்டுக்கு அருகே பிறந்தது என்பது இப்படித் தெரிந்ததுதான். ஆனால் இந்த அளவீடு தீர்க்கரேகையைச் சொல்லாது. புவியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாக மாறும் என்பதால், நடுக்கோட்டுக்கு வடக்கா தெற்கா என்பதையும் தனியாகச் சொல்லாது. எனவே வரைபடத்தில் ஓர் இடத்தில் புள்ளி வைத்து அங்கிருந்து அம்புக்குறி போடும் படங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது.

இமயமலைக் கண்ணாடி

நமக்குப் பள்ளியிலேயே பழகிய கதை: இந்தியத் தட்டு ஆசியாவை மோதியது, இடையில் இருந்தது மடிந்து இமயமலை ஆனது. இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டே அலாஸ்காவுக்குப் போகிறோம். அங்கே மோதிய பெரிய கண்டம் எதுவும் இல்லை. கடல்தளத்தின் தடித்த மேடுகளும் தீவு வரிசைகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. அந்தச் சேர்க்கை இன்னும் முடியவும் இல்லை. யாகுடாட் என்ற துண்டு இப்போதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வேகத்தில் தென் அலாஸ்காவுக்குள் முட்டிக்கொண்டிருக்கிறது. கடலோரத்திலேயே 5,489 மீட்டர் உயரத்துக்கு செயின்ட் எலியாஸ் சிகரமும், அதற்கு அப்பால் 5,959 மீட்டரில் கனடாவின் மிக உயர்ந்த லோகன் சிகரமும் நிற்பதற்கு அந்த முட்டல்தான் காரணம்.

டெனாலியோ முட்டும் இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மோதல் இங்கே, மலை அங்கே! யாகுடாட் சாதாரணக் கடல்தளத்தைவிடத் தடித்தது. செங்குத்தாக அமிழாமல் கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் அலாஸ்காவின் அடியில் நுழைகிறது. அதனால் தள்ளல் வெகுதூரம் உள்ளே கடத்தப்படுகிறது. அது படுத்திருக்கும் பகுதிக்கு மேலே எரிமலை வரிசையும் அறுந்துபோகிறது. அலூஷியன் எரிமலைகள் மேற்கே நின்றுவிடுகின்றன. ரேங்கல் எரிமலைகள் கிழக்கே தொடங்குகின்றன. நடுவில் பெரிய வெற்றிடம். டெனாலியை எரிமலை என்று நினைப்பவர்களும் உண்டு. அது எரிமலை அல்ல.

பாடப்புத்தகத்தின் மடிப்பு மலை, பிளவு மலை, எரிமலை என்ற மூன்று பெட்டிகளில் ஒன்றில் அலாஸ்கா மலைத்தொடரைப் போட்டே ஆக வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். மூன்றின் கூறுகளும் அங்கே உண்டு.

'பக்கவாட்டில் நகரும் பிளவு மலையை எழுப்பாது'

டெனாலி பிளவு அலாஸ்காவின் குறுக்கே வில்போல் வளைந்து ஓடுகிறது. அதன் வடகரையில் நின்று தெற்கே பார்த்தால் எதிர்க்கரை வலப்பக்கம், அதாவது மேற்கு நோக்கி, நகர்கிறது. நகர்வு பக்கவாட்டில்தான் என்றால் மலை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு ஓர் அட்டை போதும்.

பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து, வலது ஓரத்திலிருந்து நேராக வெட்டிக்கொண்டு வாருங்கள். பாதி தூரம் வந்ததும் வெட்டை இடது கீழ்மூலை நோக்கித் திருப்புங்கள். இப்போது இரண்டு துண்டுகளையும் மேசைமேல் சேர்த்து வைத்து, கீழ்த்துண்டை மட்டும் இடப்பக்கம் தள்ளுங்கள். நேரான பகுதியில் வழுக்கிக்கொண்டு போகும். வளைவில் முட்டி நிற்கும். இன்னும் அழுத்தினால் அட்டை மேலே துருத்திக்கொண்டு எழும். டெனாலி நிற்பது சரியாக அந்த மூலையில், பிளவின் தென்பக்கத்தில், வளைவுக்குள். மேற்கே போகும் நிலம் திரும்ப முடியாமல் அங்கே குவிகிறது.

பிளவு காலப்போக்கில் நகர்ந்த மொத்தத் தூரம் சுமார் 400 கிலோமீட்டர். இன்றைய வேகம் இடத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின். இதை வைத்து 400 கிலோமீட்டருக்கு 4 கோடி ஆண்டுகள் என்று வகுத்து எழுதிவிடாதீர்கள். இன்றைய வேகம் அன்றும் இருந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 'ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மெல்ல நகர்கிறது' என்பதும் தவறான படம். பிளவு பூட்டிக்கொண்டு நிற்கும். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இழுவிசை ஒரே நாளில் தாண்டும்.

2002 நவம்பர் 3 அப்படி ஒரு நாள். 7.9 ரிக்டர் என்று நம் செய்திகள் எழுதும் அந்த நிலநடுக்கத்தில் சுமார் 340 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை கிழிந்தது. அதிகபட்சமாக 8.8 மீட்டர் பக்கவாட்டு நகர்வு. மலைச்சரிவுகள் இடிந்து பிளாக் ரேப்பிட்ஸ் பனியாற்றின்மேல் பாறையாய்க் கொட்டின. அமெரிக்காவின் பெரிய எண்ணெய்க்குழாய்களில் ஒன்று இந்தப் பிளவைக் கடந்து போகிறது. 1970-களில் அதைக் கட்டியவர்கள் பிளவு ஒருநாள் தாண்டும் என்று எதிர்பார்த்து, அந்த இடத்தில் குழாயைப் புதைக்காமல் நீளமான குறுக்கு உத்திரங்களின்மேல் கிடத்தினார்கள். குழாயின் பாதங்களுக்கு அடியில், தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான். தரை அங்கே 4 மீட்டருக்கு மேல் விலகியது. தாங்கிகள் சில சேதமடைந்தன. குழாய் உத்திரத்தின்மேல் வழுக்கி இடம் மாறியது. ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தவில்லை.

இதை 1964 மார்ச் 27 நிலநடுக்கத்தோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. 9.2 அளவுள்ள அது, தெற்கே பசிபிக் தட்டு அமிழும் இடத்தில் நிகழ்ந்து சுனாமி எழுப்பியது. வேறு பிளவு, வேறு வகை நகர்வு.

வரைபடத்தில் உள்ளவை மட்டும்தான் பிளவுகள் என்று நினைப்பது

2002 நிலநடுக்கத்தை 'டெனாலி பிளவு நிலநடுக்கம்' என்றுதான் அழைக்கிறோம். அது தொடங்கியது டெனாலி பிளவில் அல்ல. பக்கத்தில், ஒரு பக்கம் இன்னொன்றின்மேல் ஏறும் வகையான சிறிய பிளவு ஒன்றில் தொடங்கியது. அங்கிருந்து டெனாலி பிளவுக்குத் தாவி, கிழக்கே ஓடி, கடைசியில் அதைவிட்டு விலகி டோட்சுண்டா என்ற மூன்றாவது பிளவில் இறங்கி நின்றது. தொடங்கிய அந்தச் சிறிய பிளவுக்கு சுசிட்னா பனியாற்றுப் பிளவு என்று இப்போது பெயர் இருக்கிறது. அது கிழியும்வரை எந்த வரைபடத்திலும் இருக்கவில்லை.