டயாலிசிஸ் பிரிவுக்குள்ளேயே பயிற்சி நடத்துவது எப்படி?

இராமநாதபுரம் கடலோரத்தில் டயாலிசிஸ் பிரிவுகளில் பணியாற்றும் செவிலியர்களும் டெக்னீஷியன்களும் தொடர்கல்விக்காக மதுரைக்குப் போய்வர நினைத்தால், அன்றைய ஷிப்டை மற்றவர்களே சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே வாரத்தில் ஒருநாள், இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே இயந்திரங்கள் கிருமிநீக்கத்தில் இருக்கும் வேளையில், ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, எல்லோரும் கையால் செய்துபார்க்கும்படி பயிற்சியை அமைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம் தண்ணீராகவே இருக்கட்டும். நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் என்ற கணக்கில் 4 மணி நேரத்தில், இந்தத் தண்ணீரில் தயாரித்த 120 லிட்டர் டயாலிசிஸ் கரைசல், மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால் நோயாளியின் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. நம் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு என்பதால் அதை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் மீதே எல்லோர் கண்ணும் இருக்கும்; கிருமிகளைக் கொல்ல நீரில் சேர்க்கும் குளோரினையும் குளோரமினையும் நீக்குவது அதற்கு முன்னால் உள்ள கார்பன் தொட்டிதான் என்பது எளிதில் மறந்துபோகும். மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். எனவே நீர்ச் சுத்திகரிப்பு அமைப்பைக் குறைந்தது 15 நிமிடம் ஓடவிட்டு, முதல் கார்பன் தொட்டிக்குப் பின்னுள்ள குழாயில் நீரைப் பிடித்துச் சோதியுங்கள். சோதனையில் தோன்றும் நிறத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்து, ஒவ்வொருவரும் மற்றவருக்குக் காட்டாமல் அளவைத் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். சீட்டுகளில் வேறுபாடு தெரியும் இடமே அன்றைக்குக் கற்பிக்க வேண்டிய இடம். அளவு மிகுந்தால் எந்த நோயாளியையும் இணைக்காமல் யாருக்குத் தெரிவிப்பது என்பதை, பணியில் இளையவரைக் கொண்டே சொல்லவையுங்கள். தயக்கமின்றி நிறுத்தச் சொல்லும் துணிவு அவருக்குத்தான் முதலில் வர வேண்டும்.

ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த இடம்) அதிர்வைத் தொட்டுணர்வதும் ஸ்டெதஸ்கோப்பில் ஓசையைக் கேட்பதும், ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்குத் தனி இயந்திரம் ஒதுக்குவதும் அடுத்தடுத்த வாரங்களுக்கு உரியவை.

உணவு ஆலோசனைக்கு ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் செவிலியராகவும் பேசிப் பழகுவது நன்று. "கருவாடு சாப்பிடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் யாரும் கேட்பதில்லை. "ஐயா, கருவாட்டு உப்புதான் தாகத்தைக் கூட்டுது; அந்தத் தண்ணிதான் மூச்சுத் திணறலாத் திரும்புது" என்று காரணத்தோடு சொன்னால் மனத்தில் நிற்கும். இளநீரிலும் பேரீச்சம்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களிலிருந்து வருவோருக்காக இந்தப் பயிற்சியை ரமலானுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பதிவேட்டில் யார் வந்தார் என்பதைவிட, யார் தம் கையால் செய்தார், யாருக்கு மீண்டும் தேவை என்பதைக் குறியுங்கள். விடுப்பில் இருந்தவர் திரும்பியதும், தனியாக நீர்ச் சோதனையில் கையெழுத்திடும் முன், மூத்தவர் ஒருவர் பார்த்திருக்க அதைச் செய்துகாட்ட வேண்டும்.