கீமோ வாய்ப்புண்ணா? வர்க்கியைத் தள்ளி வையுங்க

கீமோவுக்கு (புற்றுநோய்க்கு ஏத்தற மருந்து சிகிச்சை) கோவை போய் வர்ற நம்ம நீலகிரிக்காரங்களுக்கு ஒரு குறிப்பு. மருந்து ஏறின ஒரு வாரத்துல வாய் வெந்து புண்ணாகலாம். பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல ஆறிடும். அதுவரைக்கும் வாயைச் சுத்தமா வெச்சுக்கறதுதான் முக்கியம்.

கொதிக்க வெச்சு ஆறின வெதுவெதுப்பான தண்ணி ஒரு டம்ளர் (250 மி.லி.), ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு அதுல பாதி. பேக்கிங் பவுடர் வேற, அது வேண்டாம். சாப்பிட்டதும், படுக்கும் முன்னாடியும் கொப்பளிச்சுத் துப்பிட்டு, வெறும் தண்ணியில ஒருதரம் அலசுங்க. தினமும் புதுசா கலக்கிக்கணும். கடையில விக்கிற ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும். தைலமும் வாய்க்குள்ள கூடவே கூடாது.

ஊட்டிக் குளிருக்கு ஆவி பறக்கற டீ இல்லாம முடியாதுதான். ஆனா ஆத்திக் குடிங்க. வர்க்கி நம்ம ஊரு மொறுமொறு பிஸ்கட், அதோட முனை புண்ணுல கீறிடும். ஆசையா இருந்தா டீயில நல்லா ஊறவெச்சுச் சாப்பிடுங்க. குழைய வேகவெச்ச கேரட், ஆறின ராகிக் கஞ்சி, நம்ம தோட்டத்து பட்டர் ஃப்ரூட் இதெல்லாம் சுலபமா இறங்கும். மலைத்தேன் தடவச் சொல்லுவாங்க. கிருமியை எதிர்க்கற வெள்ளையணு குறைஞ்சிருக்கற நேரம், டாக்டரைக் கேக்காம வேண்டாம்.

சில மருந்துகளுக்கு, ஏத்தறப்பவே ஐஸ் துண்டு சப்பினா புண் குறையும். ஆக்சாலிபிளாட்டின்ங்கற கீமோ மருந்துக்கு மட்டும் குளிர்ச்சி ஆகாது, நர்ஸைக் கேளுங்க.

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலோ, தண்ணிகூட விழுங்க முடியலைன்னாலோ, உடனே டாக்டருக்கு போன் போடுங்க. ராத்திரி, மலைப்பாதைன்னு காலை வரைக்கும் காத்திருக்காதீங்க.