கிரே மார்க்கெட் கேமரா: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே மாடல், ஒரே சீல் பேக். ஆனால் அங்கீகாரம் பெற்ற டீலர் சொல்லும் விலையைவிடப் பக்கத்துக் கடையில் இருபது, முப்பதாயிரம் குறைவு. "இம்போர்டட் பீஸ் சார், சரக்கு ஒண்ணுதான். வாரண்டி நாங்களே ஒரு வருஷம் தர்றோம்" என்பார்கள். சென்னை ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ கேமரா விசாரித்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. இப்போது வாட்ஸ்அப் குரூப்களிலும் இன்ஸ்டாகிராம் கடைகளிலும் இதே வசனம்தான் ஓடுகிறது. கல்யாண சீசனுக்கு முன் கடன் வாங்கி முதல் ஃபுல் ஃப்ரேம் கேமரா எடுக்கும் தம்பிகளுக்கு அந்த முப்பதாயிரம் பெரிய தொகை. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கிரே மார்க்கெட் கேமரா என்றால் டூப்ளிகேட் என்று நினைப்பது தவறு. அது சோனியோ நிகானோ கேனனோ தயாரித்த அசல் கேமராதான். ஹாங்காங்குக்கோ துபாய்க்கோ விற்பனைக்குப் போன பெட்டி, அந்தக் கம்பெனியின் இந்தியக் கிளை வழியாக வராமல் வேறொருவர் கை வழியாக இங்கே வந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதேபோல, கிரே என்றாலே சட்டவிரோதம் என்பதும் சரியல்ல. சாம்சங் பிரிண்டர்களை இப்படி இறக்குமதி செய்து விற்றவர்கள்மீது அந்தக் கம்பெனி தொடுத்த வழக்கில், 2012 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு (டிவிஷன் பெஞ்ச்), வெளிநாட்டில் முறைப்படி விற்பனைக்கு வந்த அசல் பொருளை இங்கே கொண்டுவந்து விற்பதை டிரேட்மார்க் சட்டம் தடுக்காது என்று சொன்னது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. இது இறக்குமதிச் சரக்கு, இதன் தரத்துக்குக் கம்பெனி உத்தரவாதம் தராது, சர்வீஸும் செய்யாது, அந்தப் பொறுப்பு விற்பவருடையது என்பதைக் கடையில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். உங்கள் ஊர்க் கடையில் அப்படி ஒரு போர்டு தொங்குகிறதா என்று பாருங்கள். மறைக்காமல் சொல்லி விற்கிற கடைக்கும், "இதுவும் இந்தியா பீஸ்தான்" என்று சொல்லி விற்கிற கடைக்கும் நிறைய தூரம் இருக்கிறது. சுங்க வரி கட்டி வந்த கிரே வேறு, பயணிகள் பையில் வரி கட்டாமல் வந்த கிரே வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது வகைக்கு ஒழுங்கான பில் போட முடியாது.

அடுத்த தவறு, பெட்டிக்குள் வாரண்டி கார்டு இருப்பதைப் பார்த்து நிம்மதியாவது. வாரண்டி என்பது கேமராவோடு ஒட்டிக்கொண்டு வருகிற குணம் அல்ல. குறிப்பிட்ட நாட்டில் இயங்கும் கம்பெனி, தன் வழியாக விற்ற பொருளுக்குக் கொடுக்கும் வாக்கு அது. ஹாங்காங் கார்டு ஹாங்காங்கில் செல்லும். சில பொருட்களுக்கு உலகளாவிய வாரண்டி உண்டுதான். ஆனால் அது அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கு எழுத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் வாயில் மட்டும் இருந்தால் போதாது.

"வாரண்டி இல்லாவிட்டால் என்ன, ரிப்பேர் வந்தால் காசு கொடுத்துச் செய்துகொள்கிறேன்" என்று கணக்குப் போடுவோரும் உண்டு. நியாயமான கணக்குதான், ஆனால் எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்காவில் நிகான், கிரே கேமராக்களைக் காசு கொடுத்தாலும் சர்வீஸ் செய்வதில்லை என்ற கொள்கையைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தது. இந்தியாவில் கம்பெனிக்குக் கம்பெனி நடைமுறை வேறு. அதனால் வாங்கும் முன்பே பெட்டியில் உள்ள சீரியல் நம்பரைப் படம் எடுத்து, அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்கள். இரண்டே கேள்வி: இந்த நம்பர் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததா? வரவில்லை என்றால் காசுக்காவது சர்வீஸ் செய்வீர்களா? பத்து நிமிட வேலை. நம்பரைப் படம் எடுக்கவிடாத கடையில் வாங்க வேண்டாம்.

கடைக்காரரே தரும் ஷாப் வாரண்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று கேட்கும்போது கம்பெனி வாரண்டிக்குச் சமமாகத் தோன்றும். நடைமுறையில், கேமரா கோளாறானால் கடைக்காரர் அதைத் தனக்குத் தெரிந்த தனியார் மெக்கானிக்கிடம் கொடுப்பார், அல்லது வாங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்புவார். மெக்கானிக்கிடம் போனால் ஒரிஜினல் பாகம் கிடைக்குமா என்பது சந்தேகம். வெளிநாட்டுக்குப் போனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் நாலு முகூர்த்தம் புக் ஆகியிருக்கும் போட்டோகிராபருக்கு அந்தக் காத்திருப்பு வாடகைக் கேமராவின் செலவாக மாறும். இன்னும் சில கடைகளில் "வாரண்டி" என்று சொல்வது ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டியைத்தான். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

ஆகவே எத்தனை வருஷம் என்பதைவிட, யார் ரிப்பேர் செய்வார்கள் என்று கேளுங்கள். பாடிக்கு மட்டுமா, லென்ஸுக்கும் சேர்த்தா? ஷட்டர், சென்சார், மெயின் போர்டு இதில் எவை அடங்கும்? வெளிநாட்டுக்கு அனுப்பினால் கூரியர் செலவும் சுங்கமும் யார் பொறுப்பு? எத்தனை நாளில் திரும்ப வரும், அதற்குள் மாற்றுக் கேமரா தருவார்களா? பதில்களைப் பில்லிலேயே எழுதி, கடை சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், அந்த வாரண்டிக்கு விலை போட வேண்டாம்.

இனி பில். "பில் இல்லாமல்னா இன்னும் மூவாயிரம் குறைச்சுக்கலாம் சார்" என்பது அடுத்த தூண்டில். பில் இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் வாங்கியதை நிரூபிக்கத் திணற வேண்டும், திருட்டுப் போனால் போலீசிலும் இன்சூரன்ஸிலும் கேள்வி வரும், பிறகு விற்கும்போது விலை அடிபடும். இவை பலருக்கும் தெரிந்தவை. தொழில்முறைப் போட்டோகிராபர்கள் பலர் கவனிக்காமல் விடுவது ஜிஎஸ்டி கணக்கை.

டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி முன்பு 28 சதவீதம் இருந்தது. 2019 ஜனவரி முதல் 18 சதவீதம். உதாரணத்துக்கு, டீலரிடம் ஒரு கேமரா வரியோடு 2,36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 36,000 ரூபாய் வரி. கிரே கடையில் அதே கேமரா, வரி பில் இல்லாமல், 2,05,000 ரூபாய். பார்த்த மாத்திரத்தில் 31,000 ரூபாய் மிச்சம். ஆனால் உங்கள் ஸ்டுடியோ ஜிஎஸ்டியில் வழக்கமான முறையில் பதிவாகியிருந்து, வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வாங்கிக் கட்டுகிறவராக இருந்தால், டீலர் பில்லில் உள்ள அந்த 36,000 ரூபாயை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அப்போது டீலர் கேமரா உங்களுக்கு உண்மையில் இரண்டு லட்சம்தான். கிரே கேமரா ஐயாயிரம் கூடுதல், வாரண்டியும் இல்லை. பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக ஏறியிருக்க வேண்டும். காம்போசிஷன் முறையில் (சிறு தொழில்கள் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் எளிய முறை) இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

பெட்டியைச் சோதிக்காமல் வாங்குவதும் சகஜமாக நடக்கிறது. முறைப்படி இறக்குமதியான பெட்டியில் எம்ஆர்பி, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, கஸ்டமர் கேர் விவரம் ஆகியவை அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஸ்டிக்கர் இல்லை என்றால் விஷயம் புரிந்துவிடும். இருந்தாலும் அதோடு நிறுத்த வேண்டாம், ஸ்டிக்கரை யாரும் அடித்து ஒட்டலாம். பெட்டியில் உள்ள சீரியல் நம்பர், கேமராவின் அடியில் உள்ள நம்பர், பில்லில் எழுதிய நம்பர் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பல கேமராக்களில் எடுத்த படத்தின் ஃபைலுக்குள் கேமரா தானே எழுதிவைக்கும் எக்ஸிஃப் (EXIF) தகவலிலும் நம்பர் பதிவாகும். அது நாலாவது சாட்சி. வாங்கிய அன்றே கம்பெனி இணையதளத்தில் ரெஜிஸ்டர் செய்யுங்கள். இந்திய நம்பர் இல்லையென்றால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும், ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் திருப்பிவிடலாம்.

ஆன்லைனிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பெரிய தளத்தின் பெயரை நம்பி வாங்குகிறோம், விற்பவர் அந்தத் தளமே அல்ல. விற்பனையாளர் பெயரைக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் பட்டியலில் தேடிப் பாருங்கள். வாரண்டி என்ற இடத்தில் "செல்லர் வாரண்டி" என்று இருந்தால் அது மேலே சொன்ன ஷாப் வாரண்டியேதான்.

ஜப்பான் சந்தைக்கான கேமராக்களில், குறிப்பாக சோனியில், மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் வரும் மாடல்கள் உண்டு. கடையிலேயே ஆன் செய்து பார்த்துவிடுங்கள். வீடியோ, 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற என்டிஎஸ்சி (NTSC) முறையில் செட் ஆகியிருந்தால், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் மண்டப விளக்குகளின் கீழ் காட்சி மினுங்கும். 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற PAL முறைக்கு மாற்றிவிட்டு, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முழு விலை கொடுத்து இந்தியா பீஸ் வாங்கியவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள்: வாரண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது. அது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். கீழே விழுந்தது, தண்ணீர் புகுந்தது, மெரினா மணல் ஜூம் வளையத்தில் மாட்டியது, வெளி மெக்கானிக் திறந்து பார்த்தது, இவை எதுவும் சேராது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் லென்ஸுக்குள் படரும் ஃபங்கஸும் பொதுவாக வாரண்டியில் வராது. டிரை கேபினட்டில் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கேமரா அலமாரி) ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைப்பதுதான் அதற்கு மருந்து. அதனால் டீலரிடம் வாங்கும்போதும் வாரண்டி நிபந்தனைகளை முழுக்கப் படியுங்கள். விபத்துக்கும் திருட்டுக்கும் தனியாக இன்சூரன்ஸ் எடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு, இந்தியா பீஸ் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்கள் என்றால் சும்மா இருக்க வேண்டாம். பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், சர்வீஸ் சென்டர் மறுத்த கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.