ஜெபிக்கப் போகிற இடத்தில் நாம் செய்கிற தவறுகள்

ஆஸ்பத்திரியில் இருப்பவருக்காக ஜெபிக்கப் போகிறவர்களில் பலர், கட்டில் பக்கத்தில் வந்து நின்றதுமே, "ஒண்ணும் ஆகாது பிரதர், கர்த்தர் சுகம் கொடுத்தாச்சு, அடுத்த மாசம் சபையில நின்னு சாட்சி சொல்வீங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், சரி. ஆனால் தேதி குறிக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சுகமாகவில்லை என்றால் சொன்னவர் அடுத்த வீட்டுக்கு ஜெபிக்கப் போய்விடுவார். படுக்கையில் இருப்பவருக்கு நோயும் மிச்சம், கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணமும் மிச்சம்.

இந்த இடத்தில் எல்லாரும் எடுக்கிற வசனம் எரேமியா 29:11: உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்கிற வசனம். புதுவருஷ வாக்குத்தத்த அட்டை, காலண்டர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்று எங்கும் அதுதான். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் போடுவதில்லை. பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் திரும்பி வருவீர்கள் என்கிறது அது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார் எரேமியா. அதற்கு முந்தின 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துச் சொல்கிறான். எரேமியா முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொல்கிறார், அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கும். அப்புறம்தான், ஜனங்களைப் பொய்யை நம்ப வைத்தாய் என்று கண்டிக்கிறார். ஆகவே அற்புதம் வேண்டுமென்றே கேளுங்கள், அழுது கேளுங்கள், ஆனால் கடவுள் பேரில் நீங்கள் உத்தரவாதம் கொடுக்காதீர்கள்.

இதைவிட மோசமானது, சுகம் வராதபோது "விசுவாசம் குறைவு", "ஏதோ மறைவான பாவம் இருக்கு" என்று நோயாளி மேலேயே பழியைப் போடுவது. அப்போஸ்தலன் பவுல் தன் உடம்பில் முள் என்று சொன்ன உபாதை நீங்கும்படி மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை, தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியோடுதான் விட்டுவந்தார், பவுலுக்கும் விசுவாசம் போதவில்லையா? பிறவிக் குருடனைப் பற்றி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொன்ன பதிலையும் ஒரு தரம் வாசித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போகலாம். மாத்திரையை நிறுத்து, கீமோ வேண்டாம் என்று சொல்கிற ஊழியரை அந்தக் கட்டில் பக்கமே விடாதீர்கள். இதில் தயவு தாட்சண்யம் தேவையில்லை.

துக்கத்தில் இருப்பவரை உடனே ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லி நெருக்குவதும் வேண்டாம். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீதே கேட்டிருக்கிறார், 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அப்படிக் கேட்பதும் ஜெபம்தான்.

அடுத்து ஜெபக்குறிப்பு, அதாவது இதற்காக ஜெபியுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லி அனுப்புகிற விஷயம். ஒரு சிஸ்டர் நம்பிச் சொன்ன விஷயம், மகளின் விவாகரத்தோ மகனின் குடியோ, "பாரத்தோடு ஜெபிக்கவும்" என்ற வரியோடு ராத்திரிக்குள் மூன்று குரூப்புக்குப் போய்விடுகிறது. பேர் எதற்கு, ஊர் எதற்கு, ஸ்கேன் ரிப்போர்ட் போட்டோ எதற்கு? பகிரலாமா என்று கேட்டுவிட்டுப் பகிருங்கள். மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் ஜெபியுங்கள்.

"ஜெபிச்சுக்கிறேன்" என்று சொல்லி நழுவுவதும் நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. பசித்தவனிடம் சமாதானத்தோடே போ என்று சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்பது இதைத்தான். அங்கேயே இரண்டு நிமிஷம் ஜெபித்துவிட்டு, இன்று ராத்திரி கூட இருக்க ஆள் இருக்கிறதா, ரத்தம் ஏற்பாடாகிவிட்டதா, வீட்டில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு யார் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

வார்டில் சத்தம் போட்டு ஜெபிக்காதீர்கள், பக்கத்தில் ஆபரேஷன் முடிந்து ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அடுத்த கட்டிலில் இருப்பவர் வேறு மதத்தவர் என்றால் கேட்காமல் தலையில் கை வைக்க வேண்டாம். உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் பேதுரு எழுதுகிறார், அவர் கேட்கட்டும். "உங்களுக்காகவும் ஜெபிக்கட்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம், தப்பில்லை. வேண்டாம் என்றால், சரிங்க என்று சொல்லிவிட்டு கேன்டீனில் இருந்து ஏதாவது வாங்கி வரவேண்டுமா என்று கேளுங்கள்.